இணைப்பு, சோதனை, குளிர்ச்சி

தமிழ் கற்பிக்கும் ஒருவன் இலத்திரனியல் பற்றி எழுதப் புகுவது, நீந்த அறியாதவன் மகாவலியில் இறங்குவது போன்றதென அன்பர் சிலர் நகைக்கலாம். யான் பெற்றது பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழேயன்றிப் பொறியியற் பட்டமன்று. எனினும், பழுதான ஒலிபெருக்கி ஒன்றும் மாணவன் ஒருவனும் எனக்குக் கற்பித்த பாடத்தை இவ்விழா மலரிற் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கண்டியை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றிற் பணியாற்றினேன். வாணி விழாவுக்கு முதல் நாள் அங்கிருந்த ஒலிபெருக்கி வாய் மூடிற்று. திருத்துநர் ஒருவர் எரிந்த திரான்சிற்றரை நீக்கிப் புதியதொன்றைப் பூட்டினார். மறுநாள் தேவாரம் முடியுமுன் அதுவும் எரிந்தது. மூன்றாவது ஒரு வாரமும் நிலைக்கவில்லை. "பெட்டி பழசு, வேறு வாங்குங்கள்" என்று கூறிப் போயினார். அப்பெட்டியோ தோட்டத்துப் பெற்றோர் தம் நாட்கூலியிற் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் வாங்கியது. வேறு வாங்குவது எங்ஙனம்?

அவ்வேளை பேராதனையிற் பொறியியல் பயின்ற பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்தான். பெட்டியைத் திறந்து, கையளவு கருவி ஒன்றால் இங்குமங்கும் தொட்டுப் பார்த்தான். புதிய திரான்சிற்றர் ஒன்றைப் பூட்டிச் சிறிது நேரம் இயக்கி, மின்னை நிறுத்தி, விரலால் தொட்டான். திரான்சிற்றர் கொதித்தது, அது பொருத்தப்பட்டிருந்த அலுமினியத் தகடோ குளிர்ந்திருந்தது. "சேர், செத்தவனைத்தான் மாற்றியிருக்கிறார்கள், கொன்றவனைத் தேடவில்லை" என்றான். திருகாணி தளர்ந்திருந்தது, இடையிற் பூசவேண்டிய வெப்பப் பசையும் காய்ந்து உதிர்ந்திருந்தது. பசையைப் பூசித் திருகாணியை இறுக்கினான். அப்பெட்டி பின்னர்ப் பல விழாக்களிற் பாடியது.

மின்சுற்றின் உறுப்புகள் சிறந்தவையாயினும், அவற்றை இணைப்பதும் சோதிப்பதும் குளிர்விப்பதும் செவ்வனே அமையாவிடின் சுற்று வாழாது. இம்மூன்றையும் முறையே காண்போம்.

முதலாவது இணைப்பு. பொற்கொல்லர் நகையின் இரு துண்டுகளை ஒன்றாக்க இடும் பொருளைப் பற்றாசு என்பர். அப்பழந்தமிழ்ச் சொல்லே இன்று நம் நாட்டுத் தொழினுட்ப நூல்களிலும் வழங்குகின்றது. மின்சுற்றுக்கு நெடுங்காலம் பயன்பட்டது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 பாகை செல்சியசில் உருகும். காரீயம் உடலுக்குத் தீங்கானதாகையால், 2006 ஆம் ஆண்டு யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்பொருள்களில் அதனைக் கட்டுப்படுத்தியது. காரீயமற்ற கலவைகளிற் பல ஏறத்தாழ 217 பாகைக்கு மேலேயே உருகுவன.

மாணவர் செய்யும் பெரும்பிழை, பற்றாசைக் கோலின் நுனியில் உருக்கி இணைப்பின்மேல் சொட்டவிடுவதாகும். கம்பியையும் தகட்டையும் ஒருங்கே சூடாக்கி, அச்சூட்டிற் பற்றாசு தானே உருகிப் பரவச் செய்தல் வேண்டும். அவ்வாறன்றி அமைந்த மூட்டு, பார்வைக்கு ஒட்டியதுபோல் இருந்து, சிறு அசைவிலே தொடர்பறும். வேலை முடிந்ததும் கைகழுவுதலையும், புகையை மூச்சில் ஏற்காமையையும் மறவற்க.

சுற்றொன்றை முதன்முறை பரீட்சிப்போர்க்குப் பற்றாசு வேண்டாத துளைப்பலகை உண்டு. வானொலி பிறந்த காலத்து ஆர்வலர், பாண் வெட்டும் பலகையில் ஆணி அறைந்து அவற்றிற் கம்பி சுற்றினர். ஆங்கிலத்தில் அதன் பெயர் இன்றும் பாண் பலகையே. இக்காலப் பலகையில் 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் துளைகள் அமைந்து, ஐந்தைந்தாக உள்ளே இணைந்திருக்கும். தவறினால் உருவி மீண்டும் செருகலாம்.

நம் மலைநாட்டின் ஈரக்காற்று இணைப்புகளுக்குப் பகையாகும். 1944 இல் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொணர்ந்தார். அப்படைகள் பொருத காடுகளில் ஈரமும் பூஞ்சணமும் வானொலிக் கருவிகளைப் பழுதாக்கின. உறுப்புகளுக்கு வார்னிசு பூசிக் காக்கும் முறை அப்போர்க்காலத்திற் பெரிதும் கையாளப்பட்டது. மழைக்காலத்தில் நம் வீட்டு வானொலி கரகரப்பதற்கும், செருகிகளிலும் ஆளிகளிலும் படிந்த களிம்பு ஒரு காரணமாகலாம்.

இரண்டாவது சோதனை. என் மாணவன் கையிலிருந்தது பல்மானி. பிரித்தானிய அஞ்சல் துறைப் பொறியியலாளர் டொனால்ட் மக்காடி ஆக்கிய கருவி 1923 இல் விற்பனைக்கு வந்தது. அம்பியர், வோல்ற்று, ஓம் என்னும் மூன்றையும் அது ஒன்றே அளந்தது. பல்மானியைக் கையாள மூன்று விதிகள் போதும். வோல்ற்றளவை உறுப்பின் இரு முனைகளிலும் தொட்டு அளக்க. ஓட்டத்தைச் சுற்றை இடையில் அறுத்து, மானி வழியே செலுத்தி அளக்க. தடையை மின்னை நிறுத்திய பின்னரே அளக்க. பெருங் கொள்ளளவிகள் மின்னை நிறுத்திய பின்னும் ஏற்றத்தைத் தேக்கி வைத்திருக்குமாதலின், ஆசிரியர் துணையின்றி வீட்டு மின்னில் இயங்கும் பெட்டிகளைத் திறத்தலாகாது.

நோயை அறிவதோடு நில்லாது அதன் காரணத்தையும் தேடுக என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்குக் காட்டும் நெறி. திருத்துநர் நோயைக் கண்டார்; மாணவன் காரணத்தைக் கண்டான். வேறுபாடு அவ்வளவே.

மூன்றாவது குளிர்ச்சி. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 12 வோல்ற்றை 5 வோல்ற்றாகக் குறைக்கும் 7805 என்னும் சீராக்கி, அரை அம்பியரை வழங்குகின்றதென்க. மிகுந்த 7 வோல்ற்றை அரையாற் பெருக்க, 3.5 வாற்று வெப்பமாகின்றது. தகடின்றி நின்றால், ஒவ்வொரு வாற்றுக்கும் அதன் உட்பகுதி ஏறத்தாழ 65 பாகை ஏறும். அங்ஙனமாயின் ஏற்றம் 227.5 பாகை! அதன் எல்லையோ 125. அந்நிலையை அடையுமுன் உள்ளிருக்கும் காப்பு அதனை நிறுத்திவிடும். தகுந்த அலுமினியத் தகட்டைப் பூட்டி, வாற்றுக்கு 15 பாகையாகக் குறைத்தால் ஏற்றம் 52.5 மட்டுமே. கண்டியில் அறை வெப்பம் 25 எனில் மொத்தம் 77.5; யாழ்ப்பாணத்து நண்பகலில் 33 எனில் 85.5. இரண்டும் எல்லைக்குட்பட்டவையே.

தகட்டின் இதழ்கள் காற்றுத் தொடும் பரப்பைப் பெருக்குகின்றன. அவை செங்குத்தாய் நின்றாற் சூடான காற்று தடையின்றி மேலெழும். பசை, இரு உலோகங்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத காற்றிடைகளை நிரப்புகின்றது. அதனை மெல்லிதாகப் பூசினாற் போதும்; அப்பிப் பூசினால் அதுவே வெப்பத்துக்குத் தடையாகும்.

நம் நாட்டு வானொலியின் தொடக்கமும் பெருஞ்செல்வத்தால் அமைந்ததன்று. 1923 இல் எட்வேட் ஹாப்பரும் தந்தித் திணைக்களத்தாரும், கைப்பற்றப்பட்ட செருமானிய நீர்மூழ்கியின் வானொலி உறுப்புகளை இணைத்தே கொழும்பிற் சோதனை ஒலிபரப்பை நடத்தினர். 1950 இற் கொழும்பில் தொடங்கிய பொறியியற் பீடம் 1964 இற் பேராதனைக்கு வந்தது. நம் கண்டி மாணவர்க்கு அதன் வாயில் தொலைவிலில்லை. ஆயின் பற்றாசுக்கோலைத் தொட்டறியாமலே அவ்வாயிலை அடைவோர் பலர்.

ஆதலின் பழைய மாணவரிடத்து ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த இயந்திரங்களை நாம் கேட்கவில்லை. பற்றாசுக்கோல் நான்கு, பல்மானி நான்கு, துளைப்பலகை சில, வெப்பத்தகடுகளும் பசையும், திறந்து பார்ப்பதற்குப் பழுதான வானொலிகள் சில, இவை அமைந்த ஒரு மேசை போதும். வாரத்தில் ஒரு மாலை அம்மேசையருகே நின்று கற்பிக்க உங்களில் ஒருவர் வருவாராயின், அது பொருளினும் பெரிய கொடை. எறிய வேண்டியதென்று பிறர் ஒதுக்கிய பெட்டியை மீண்டும் பாடவைக்கும் பிள்ளை, தன்னையும் ஒருவரும் ஒதுக்கவியலாதென அறிவான்.