மருத்துவம் படிக்கப் போகிறவர்களே, தமிழையும் படியுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் நம் பேரவையில் சேரும் புதிய மாணவர்களில் சிலராவது, "மருத்துவம் படிக்க என்ன தயாரிப்பு செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

முதலில் வழிகளைத் தெரிந்துகொள்வோம். சிங்கப்பூரில் மூன்று மருத்துவப் பள்ளிகள் உள்ளன. தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. நன்யாங் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இவ்விரண்டும் ஐந்தாண்டுப் படிப்பு. 'யூகேட்' தேர்வு எழுத வேண்டும். மூன்றாவது, 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்த டியூக்-என்யுஎஸ். ஏதேனும் ஒரு துறையில் பட்டம் பெற்றபின், 'எம்கேட்' போன்ற தேர்வை எழுதி இங்கு சேரலாம், நான்காண்டுப் படிப்பு. ஆகவே இப்போது வேறு துறையில் படிப்பவர்களுக்கும் கதவு அடைபடவில்லை.

நல்ல மதிப்பெண் மட்டும் போதாது. நேர்காணலில் நீங்கள் பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவரா என்றும் பார்க்கிறார்கள். இந்தப் பழக்கத்தை எந்தத் துணைப்பாட நிலையமும் கற்றுத் தராது. நம்மைப் போன்ற தமிழ் மாணவர்கள் அதைக் கற்கச் சிறந்த இடங்களுள் ஒன்று கிராஞ்சி.

தீவின் வடக்கே, ஜோகூர் நீரிணையை ஒட்டியது கிராஞ்சி. போர் நினைவிடத்தையும் நீர்த்தேக்கத்தையும் பலர் அறிவார்கள். அங்கே வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளும் உள்ளன. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழ்நாட்டு அண்ணன்மார் பலர் அங்கு வசிக்கிறார்கள். 2020இல் கொவிட்-19 இத்தகைய விடுதிகளில் பரவியபோது, தமிழும் வங்காளமும் பேசத் தெரிந்தவர்கள் எவ்வளவு தேவை என்பதை நாடே உணர்ந்தது. விடுதிகளில் வசித்த ஏறத்தாழ 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள விடுதி ஒன்றில் ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டூழியர் குழுவுடன் நானும் செல்கிறேன். ஜோகூரில் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். அதன்பின் தேசியப் பள்ளியில் உடற்கூற்றை வேறு மொழிகளில்தான் படித்தேன். இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் சொல்வேன். ஆனால் நோயாளி உறுப்பின் பெயரைச் சொல்வதில்லை. தான் உணர்வதைச் சொல்கிறார்.

"மூச்சு வாங்குது" என்றால் மூச்சுத் திணறல். "மூச்சு பிடிச்சுக்கிச்சு" என்றால் பாரம் தூக்கியதால் மார்பிலோ முதுகிலோ ஏற்பட்ட தசைப்பிடிப்பு. இரண்டையும் ஒன்றாக மொழிபெயர்த்தால் சிகிச்சையே மாறிவிடும். சில ஊர்களில் "மேலெல்லாம் வலி" என்பது உடம்பெல்லாம் வலி, மேல்பகுதி அன்று. "மயக்கம்" என்பது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்பியதாகவும் இருக்கலாம். பாடநூலில் நீரிழிவு என்பதைத் தமிழ்நாட்டு ஊழியர் 'சுகர்' என்பார். நம் தாத்தா பாட்டிமார் 'இனிப்பு நீர்' என்பார்கள்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது, "ஒண்ணுமில்லை தம்பி, வாயுதான்" என்ற பதில். நெஞ்சை அழுத்தும் வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், கூடவே வியர்த்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். அதை வாயு என்று தள்ளிவிடாமல் உடனே 995ஐ அழைக்க வேண்டும். ஊரில் வாங்கிய கடன் அடைபடும்முன் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் வலியை மறைப்பவர்களும் உண்டு. மேற்பார்வையாளரே உடனிருந்து மொழிபெயர்த்தால் அவர்கள் இன்னும் குறைவாகவே பேசுவார்கள்.

எனவே சில யோசனைகள். ஒன்று, வலியையும் நோயையும் குறிக்கும் பேச்சுவழக்குச் சொற்களை ஒரு குறிப்பேட்டில் தொகுத்து வாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடமே தொடங்கலாம். இரண்டு, புரியாத சொல்லை ஊகிக்காமல், "எந்த இடத்துல, எப்படி இருக்கு, காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். மூன்று, மொழிபெயர்க்க நேர்ந்தால் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள், சுருக்காதீர்கள், கூட்டாதீர்கள். அங்கு கேட்டதை வெளியே பேசாதீர்கள். நான்கு, நீங்கள் இன்னும் மருத்துவர் அல்லர். மருந்து சொல்லாதீர்கள், மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள்.

இது வாழ்க்கைக்கும் தேவையான தயாரிப்பு. கல்விக் கட்டண மானியத்துடன் ஐந்தாண்டு மருத்துவம் படிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்கள் பட்டம் பெற்றபின் 5 ஆண்டுகளும், மற்றவர்கள் 6 ஆண்டுகளும் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்ற வேண்டும். நீண்ட இரவுப் பணிகளும் அதில் அடக்கம். நோயாளிகளோடு பேசுவதில் உங்களுக்கு உண்மையிலேயே விருப்பம் உண்டா என்பதை, கையெழுத்திடும் முன்பே அறிந்துகொள்வது நல்லது. இல்லையென்று தெரிந்தாலும் இழப்பில்லை. ஆய்வு, மருந்தியல் என வேறு வழிகள் உள்ளன.

மருத்துவத்துக்கு நான்கு அங்கங்கள் என்கிறார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். இவற்றில் நோயாளியையே அவர் முதலில் வைக்கிறார். மருத்துவராகப் பல ஆண்டுகள் ஆகும். நோயாளி பேசும் தமிழைக் கேட்கவோ இந்த ஞாயிற்றுக்கிழமையே கிராஞ்சிக்கு ரயில் ஏறலாம். வாருங்கள், சேர்ந்தே போவோம்.