முதலில் ஒரு சுற்று, பிறகு தட்டு

எங்கள் ஆலங்குடிப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில், இலையில் உப்பு விழுந்த கையோடு இனிப்பும் விழுந்துவிடும். கேசரியோ ஜாங்கிரியோ, பரிமாறுகிறவர் வைத்ததுதான் அளவு. ஓட்டல் பஃபேயில் எல்லாம் தலைகீழ். இனிப்பு கடைசியில், அளவு நம் கையில். பிரியாணித் தட்டின் ஓரத்திலேயே குலாப் ஜாமூனையும் வைத்துக்கொண்டு, பாகு தயிர்ப் பச்சடிக்குள் ஓடுவதைக் கவனிக்காமல் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் கேக் பிரிவில் வேலை பார்க்கும் அண்ணன் மகன்தான் இந்த விஷயத்தில் எனக்கு வாத்தியார். "தட்ட எடுக்காம மொதல்ல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க அத்தை" என்பான். எல்லாவற்றையும் ஏன் இத்தனூண்டு கிண்ணத்தில் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். முழு கேக்கை வைத்தால் நாலு பேர் வெட்டியதும் குதறிப் போட்ட மாதிரி ஆகிவிடுமாம். கிண்ணம் என்றால் கடைசியில் வருகிறவருக்கும் முழுசு. நமக்கும் அது வசதிதான், பிடிக்காவிட்டால் ஒரு வாயோடு போயிற்று.

அவன் சொல்லித்தந்ததில் முக்கியமானது வரிசை. இனிப்பு குறைந்ததில் தொடங்க வேண்டும். மூஸ், பன்னா கோட்டா முதலில், கேக் அடுத்து, ஜிலேபி, ஜாமூன் கடைசியில். பாகில் ஊறிய நாக்குக்கு அதன்பிறகு மூஸ் வெறும் நுரைதான். ஐஸ்கிரீம் தனிக் கணக்கு. குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்பட்டே தெரியும் என்பதால் அதில் சர்க்கரை கூடுதலாகவே விழும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். ஆனால் சூடான ஜாமூன் மேல் ஒரு கரண்டி வெனிலா போட்டுக்கொண்டால், வரிசையாவது ஒன்றாவது!

சைவக்காரர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூஸையும் பன்னா கோட்டாவையும் உறைய வைப்பது பெரும்பாலும் ஜெலட்டின். மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இவற்றிலிருந்து வருவது. அதற்குப் பதில் சைவமான அகர் அகரும் போடுவதுண்டு; மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கிற கடற்பாசியிலிருந்தும் அது கிடைக்கிறது. எது போட்டது என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு மட்டும் எப்படி இடம் வருகிறது? ஒரே சுவையைத் தின்னத் தின்ன அந்தச் சுவை மட்டும் சலிக்கிறது, வேறு சுவைக்கு ஆசை அப்படியே இருக்கிறது. ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் உடனிருந்தவர்களும் 1981-ல் ஆய்ந்து எழுதியது இது. பத்து வகையை வரிசையாக வைத்தால் அளவு மீறத்தான் செய்யும். சர்க்கரை நோய்க்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழ மேசையில் எப்போதும் தர்பூசணி, பப்பாளி, அன்னாசிதான். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பலா மரங்களைச் சாய்த்துப்போட்டது. நின்றவை இன்னும் காய்க்கின்றன. பருவத்தில் வடகாடு, கீரமங்கலம் பக்கம் போனால் பழம் குவிந்து கிடக்கும். ஓட்டலில் ஒரு சுளையாவது வைக்கக்கூடாதா என்று அண்ணன் மகனிடமே கேட்டேன்.

"வாசனை அத்தை. ஒரு சுளை வெச்சா பக்கத்துல இருக்கற கேக்கெல்லாம் பலாவா மணக்கும்."

அதைப் போய்க் குறை என்கிறான்.