எதிர்ப்பக்கம் வளையும் பந்து

பேஸ்பாலில் பந்து தரையில் குத்தி எழுவதில்லை. வீசுபவருக்கும் பேட்டருக்கும் நடுவே உள்ள 60 அடி 6 அங்குலத்தையும் காற்றிலேயே கடக்கிறது. பேட்டரை ஏமாற்ற வேண்டுமென்றால் காற்றில்தான் ஏமாற்ற வேண்டும். அதற்குச் சுழற்சி உதவுகிறது. சுழலும் பந்தைச் சுற்றிக் காற்று இருபுறமும் ஒரே மாதிரி ஓடாது. அதனால் பந்து ஒரு பக்கமாக வளையும். வலக்கைக்காரர் வீசும் ‘கர்வ்பால்’ வலக்கை பேட்டரை விட்டு விலகிப் போகும். ‘ஸ்க்ரூபால்’ நேர் எதிராக, அவரை நோக்கி உள்ளே வரும். லெக் ஸ்பின்னரின் கூக்ளியைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை சட்டென்று பிடிபடும்.

வீசுவதுதான் கடினம். உள்ளங்கை வெளிப்புறம் பார்க்கும்படி கையை முறுக்கி விடுவிக்க வேண்டும். நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணியின் இடக்கை வீரர் கார்ல் ஹப்பல் ஆண்டுக்கணக்கில் இப்படி வீசியதில், கையைச் சும்மா தொங்கவிட்டால்கூட உள்ளங்கை வெளியே திரும்பியே இருந்தது. அந்தக் கைதான் 1934 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ், அல் சிம்மன்ஸ், ஜோ குரோனின் ஆகிய ஐவரையும் அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தது. ஐவருமே அந்தக் காலத்தின் அசுர அடிக்காரர்கள். பேஸ்பால் வரலாற்றில் இதற்கு ஈடான பந்துவீச்சு மிகக் குறைவு என்பேன்.

அந்த 1930களில் அமெரிக்கப் பேச்சுவழக்கில், எப்போது என்ன செய்வார் என்று கணிக்க முடியாத கிறுக்குப் பேர்வழியையும் ‘ஸ்க்ரூபால்’ என்றார்கள். அங்கிருந்து பெயர் திரைக்கும் போனது. பணக்காரப் பெண்ணும் வேலையிழந்த பத்திரிகையாளனும் பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கும் ஃபிராங்க் காப்ராவின் ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ வெளிவந்ததும் 1934இல்தான். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர்களை அது வென்றது. இவ்வகை நகைச்சுவைப் படங்களில் பெண்தான் முந்துவாள், ஆண் திணறுவான். வசனங்கள் மூச்சுவிடாமல் பாயும். பார்வையாளர் எதிர்பார்த்த பக்கம் கதை திரும்பவே திரும்பாது. இதைவிடப் பொருத்தமான பெயர் அவற்றுக்கு வாய்த்திருக்காது.

மைதானத்தில் அந்தப் பந்துக்குக் கடைசியாகப் பெரும்புகழ் சேர்த்தவர்களில் ஒருவர் மெக்சிகோவின் ஃபெர்னாண்டோ வாலன்சுவேலா. 1981இல் சிறந்த அறிமுக வீரர், சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் ஆகிய இரு விருதுகளையும் ஒரே பருவத்தில் பெற்றார். இன்று அதை வீசுவோர் அரிது. ஆனால் படங்கள் இருக்கின்றன. காப்ராவின் படத்தைத் தழுவி நம் ஏவி.எம். 1956இல் இந்தியில் ‘சோரி சோரி’ எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். காப்ராவின் படத்திலிருந்து தொடங்குங்கள்.