அணையாத எச்சரிக்கை விளக்கு

கார் வாங்கக் கடன் பெறும்போது வட்டி விகிதத்தையும் தவணைக் காலத்தையும் பலமுறை கணக்கிட்டுப் பார்க்கிறோம். வண்டி வீட்டுக்கு வந்தபின், அதன் முகப்புப் பலகையில் எரியும் சிறு விளக்குகளை அத்தனை கவனத்துடன் பார்ப்பதில்லை. அவற்றுள் ஒன்று ஏர்பேக் எனப்படும் காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு. அமர்ந்திருக்கும் மனிதரின் முன்னே ஒரு பந்து இருப்பது போன்ற உருவம் அதற்கு. வண்டி ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. இந்த விளக்கு எரிந்தால் என்ன என்று பலர் விட்டுவிடுகின்றனர். விபத்து நேர்ந்தால் காற்றுப்பை விரியும் என்பதற்கு இப்போது உறுதியில்லை என்பதையே அந்த விளக்கு சொல்கிறது.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயம். 2021-இல் வெளியான அரசு அறிவிக்கை முன்னிருக்கைப் பயணிக்கும் அதைக் கட்டாயமாக்கியது. மோதலை உணர்கருவிகள் கண்டதும், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. அது சிறு வெடிமருந்துத் திரியைப் பற்றவைக்க, எழும் வாயு பையை நிரப்புகிறது. இவை அனைத்தும் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லி விநாடிகளில், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, நடந்துவிடுகின்றன. ஒரு கம்பியில் சிறு முறிவு இருந்தாலும் அந்த மின்துடிப்பு போய்ச் சேராது.

எனவே கட்டுப்பாட்டுப் பெட்டி தன் மின்சுற்றுகளைத் தானே ஓயாமல் சோதித்துக்கொள்கிறது. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலும், ஓட்டும்போது திடீரென எரிந்தாலும் கோளாறு உண்டு. சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் நல்ல அறிகுறி அன்று. விளக்கே பழுதாகியிருக்கலாம்; கோளாற்றை மறைக்க யாரேனும் அதைக் கழற்றியும் இருக்கலாம். பழைய கார் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

கோளாறு பெரும்பாலும் பையில் இருப்பதில்லை. அதற்குச் செல்லும் வழியில்தான் இருக்கிறது. முதலாவது, ஸ்டியரிங் சக்கரத்துக்கு அடியில் சுருளாக அமைந்த கிளாக் ஸ்பிரிங் என்னும் தட்டை நாடா. சக்கரம் சுழலச் சுழல இதுவும் சுருண்டு விரிவதால் நாளடைவில் முறியக்கூடும். விளக்கு எரிவதோடு ஹாரனும் ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களும் வேலை செய்யவில்லை என்றால் ஐயம் இதன்மீதே எழ வேண்டும். இரண்டாவது, முன்னிருக்கைகளுக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற கனெக்டர்கள். இருக்கையை நகர்த்திய பின்னரோ, உள்ளே சுத்தம் செய்த பின்னரோ, மழைநீர் புகுந்த பின்னரோ விளக்கு எரியத் தொடங்கினால் இவை தளர்ந்திருக்கலாம் அல்லது துருப்பிடித்திருக்கலாம். எலி கடித்த கம்பி, வலுவிழந்த பேட்டரி, பழுதான உணர்கருவி ஆகியவையும் காரணமாகலாம். இவற்றுள் எது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. காற்றுப்பைப் பிரிவைப் படிக்கவல்ல ஸ்கேனரை இணைத்தால், எந்தச் சுற்றில் என்ன குறை என்பதைச் சுட்டும் கோளாறுக் குறியீடு கிடைக்கும். இயந்திரக் கோளாறுகளை மட்டும் படிக்கும் மலிவான கருவிகள் பல இதைக் காட்டுவதில்லை.

அதன்பின் செய்ய வேண்டிய வேலை பயிற்சி பெற்றவருக்கு உரியது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்தேக்கியில் ஆற்றல் எஞ்சியிருக்கும். தயாரிப்பாளரின் கையேடு குறிப்பிடும் நேரம் கழிந்த பின்னரே கனெக்டரைத் தொட வேண்டும். அந்த நேரம் மாடலுக்கு மாடல் வேறுபடும். காற்றுப்பையின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளக்கவே கூடாது. அது செலுத்தும் சிறு மின்னோட்டமும் திரியைப் பற்றவைத்துவிடலாம். பையைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சுமார் 2 ஓம் மின்தடையைப் பொருத்திக் கம்பியைச் சோதிப்பதே முறை. குறியீடு மாறினால் குறை பையில். மாறாவிட்டால் குறை கம்பியில் அல்லது பெட்டியில். கழற்றிய பையை, விரியும் முகம் மேலே இருக்குமாறு வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால், தற்செயலாக விரியும்போது அந்தப் பாகமே மேலே வீசி எறியப்படும்.

சோதனைக்கு உதவும் அதே மின்தடைதான் ஏமாற்றுக்கும் உதவுகிறது. அதை நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் பை இருப்பதாகவே பெட்டி நம்பும், விளக்கும் அணைந்துவிடும். விபத்தில் விரிந்த பையை மாற்றாமல் மேல்மூடியை மட்டும் புதிதாக்கிய வண்டியும் இவ்வாறு விற்பனைக்கு வரலாம். அறுந்த கம்பியை முறுக்கி டேப் சுற்றுவதும், குறியீட்டை அழித்துவிட்டு வேலை முடிந்தது என்பதும் பழுதுநீக்கம் ஆகா. ஆகவே, பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனர் அறிக்கையையும், மாற்றிய பழைய பாகத்தையும், பாகத்தின் எண் குறித்த ரசீதையும் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

செலவைப் பற்றியும் தெளிவு வேண்டும். வழக்கமான கார் காப்பீட்டில் தேய்மானமும், தானே ஏற்படும் இயந்திர, மின்சாரக் கோளாறும் அடங்கா. எனவே கிளாக் ஸ்பிரிங் பழுதுக்கு உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விபத்தில் விரிந்த பையை மாற்றுவதற்கு இழப்பீடு உண்டு. எனினும் பொது விதிப்படி காற்றுப்பைக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். தேய்மானக் கழிவில்லாக் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் இந்தக் கழிவைத் தவிர்க்கலாம். புதுப்பிக்கும்போது இதைக் கருத்தில் கொள்ளலாம்.

பணிமனைக்குச் செல்லும்வரை இருக்கைப் பட்டையே நமக்கு முதல் காவல். காற்றுப்பை அதற்குத் துணையாக அமைந்ததே அன்றி மாற்றாக அமைந்தது அன்று. பல கார்களில் மோதலின்போது பட்டையை இறுக்கும் அமைப்பும் இதே கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சார்ந்தது. ஆதலால் விளக்கு எரியும் வண்டியில் நெடும்பயணத்தைத் தள்ளிவைத்து, முதலில் அதைச் சோதிக்கக் கொடுப்பதே தக்கது.