உப்புப் போடுமுன்...

 

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவ மழை ஊவாவில் இறங்கிவிட்டால், பதுளை, பசறை, ஹாலி-எல பக்கத்துப் பெண்மணிகளுக்கு ஒரு வேலை கூடிவிடும். விடிந்ததும் வளவுக்குள் போய்ப் பார்த்தால் முந்தின நாள் நட்ட கோவாக் கன்றில் நரம்பு மட்டும் மிச்சமிருக்கும். பசளிக்கொடி மொட்டையாகியிருக்கும். சுவரில் பசைத் தடம் மினுங்கும். லயத்து முன்வாசலில் ஒரு சிறு பாத்தி வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். உடனே குசினிக்குள் போய் உப்புச் சுண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். நத்தையின் மேல் ஒரு பிடி. அது நுரைத்துச் சுருண்டு நெளிவதைப் பிள்ளைகளும் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

இந்த நத்தையைப் பற்றி மத்ரஸாவுக்கு வந்து கேள்வி கேட்கும் தாய்மார்கள் உண்டு. பிள்ளை இதைப் போத்தலில் அடைத்து வளர்க்கிறான், கூடுமா? வெளிநாட்டில் இதைத் தின்கிறார்களாம், வளர்த்து விற்றால் அந்தக் காசு ஹலாலா? இப்படியெல்லாம் கேட்கிறார்கள். உப்பைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஆளை அறிந்துகொள்வோம். நம் தோட்டத்தை மேய்கிற பெரிய நத்தை இந்த மண்ணின் பிராணியே அல்ல. கிழக்கு ஆபிரிக்காவில் பிறந்தது. மடகஸ்கார், மொரிசியஸ் என்று தீவு தீவாக மனிதன் கையாலேயே வந்தது. சிப்பிகளை ஆராய்ந்த பென்சன் என்ற ஆங்கிலேயர் 1847இல் மொரிசியசிலிருந்து அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அது தானாக நீந்தி வரவில்லை, யாரோ ஆசைப்பட்டுத் தூக்கி வந்ததுதான். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடக் கூடியவை. கோடையில் ஓட்டின் வாயை மெல்லிய ஏட்டால் மூடிக்கொண்டு மாதக் கணக்கில் உறங்கும். மழை விழுந்ததும் எழுந்து வரும்.

சிங்களச் சகோதரர்கள் நத்தையைக் 'கொளுபெல்லா' என்கிறார்கள். கொளு என்றால் ஊமை. எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! வலித்தாலும் கத்தத் தெரியாத பிராணி.

இதை வைத்து எல்லா நத்தையையும் எதிரியாக எண்ணிவிடக் கூடாது. இலங்கையில் ஏறத்தாழ 250 வகை நில நத்தைகள் உண்டு. அவற்றில் பெரும் பகுதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. 'அகாவஸ்' என்ற அழகான ஓடுள்ள மர நத்தைக் குலம் முழுவதும் நம் தீவுக்கே சொந்தமானது. அது இடுவது ஒரு சில முட்டைகள் மட்டுமே. அழித்துவிட்டால் மீண்டு வருவது கடினம். நம் நாட்டு நத்தைகளில் பெரும்பாலானவை உக்கிய இலையையும் பாசியையும் பூஞ்சணத்தையும் தின்று காட்டைச் சுத்தம் செய்பவை. தேயிலை மலைகளுக்கு நடுவே எஞ்சிய காட்டுத் துண்டிலோ ஓடைக்கரையிலோ கண்டால் அவற்றை விட்டுவிடுங்கள். கூம்பு போல நீண்டு கூர்த்த ஓடும் அதில் கபில நிறக் கோடுகளுமாக, உள்ளங்கை நீளத்துக்கு வளர்வதுதான் ஆபிரிக்க நத்தை.

இனி உண்ணும் விஷயம். நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். நில நத்தை அருவருப்பான சிறு பிராணிகளின் வகையைச் சேர்ந்தது. அறுக்க வழியும் இல்லாதது. ஆகவே நம் மத்ஹபில் அது உண்ண ஆகாது. ஹனபி, ஹன்பலி மத்ஹபுகளின் நிலையும் அதுவே. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் மேற்கு நாட்டு நத்தையைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அதை வெட்டுக்கிளியுடன் ஒப்பிட்டு, உயிருடன் பிடித்து அவித்தாலோ சுட்டாலோ உண்ணலாம், செத்துக் கிடந்ததை உண்ணக் கூடாது என்று விடை கூறியதாக 'அல்முதவ்வனா'வில் பதிவாகியுள்ளது. மொரோக்கோவின் மராகிஷ் நகரத்துச் சந்தியில் மூலிகை போட்டு அவித்த நத்தைச் சூப்பைத் தொழுகையாளிகளே நின்று குடிப்பது இதனால்தான். அவர்களைப் பழிக்க வேண்டாம். அவர்களுடைய பாத்வாவை நாம் நாவின் ருசிக்காக இரவல் வாங்கவும் வேண்டாம்.

பிரான்சில் இது விலை கூடிய விருந்து. அதற்கெனப் பண்ணைகளே உண்டு. சமைப்பதற்கு முன் குடல் சுத்தமாகட்டும் என்று சில நாட்கள் பட்டினி போடும் வழக்கமும் உண்டு. உண்ண ஹலால் என்று கொள்பவருக்கும் இந்த இடத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: பண்ணையில் அடைத்த உயிருக்குத் தீனி கொடுப்பது வளர்ப்பவன் மீது கடமையல்லவா?

விற்பதைப் பற்றி: பயனில்லாத சிறு பிராணிகளின் வியாபாரம் செல்லாது என்பது நம் மத்ஹபு நூல்களின் தீர்ப்பு. பயனுள்ளதற்கு விதிவிலக்கு இருக்கிறது. இரத்தம் உறிஞ்ச வைக்கும் அட்டையையும் பட்டுப்புழுவையும் இமாம்கள் உதாரணம் காட்டியுள்ளனர். வாத்துத் தீனிக்கு நத்தையைப் பிடித்துக் கொடுப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க இடமுண்டு. நமக்கு ஹராமானதைப் பிறர் தட்டுக்காக வளர்த்து விற்பதை நான் ஒருபோதும் ஆகுமென்று சொல்லமாட்டேன். மார்க்கத்தை ஒரு பக்கம் வைத்தாலும், வெலிமடை, குருத்தலாவ, சில்மியாபுரப் பக்கத்தில் மரக்கறி செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கு நடுவே நத்தைப் பண்ணை வைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் அநியாயம். வேலி அதற்கு ஒரு பொருட்டா?

பிள்ளை வளர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சிட்டுக்குருவி வைத்து விளையாடினார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரிடம் அன்போடு அதைப் பற்றி விசாரித்தார்கள். உயிரினத்தை வளர்ப்பது ஆகுமென்று உலமாக்கள் இதிலிருந்து விளங்கியுள்ளனர். ஆனால் பூனையை அடைத்து வைத்து, தானும் தீனி போடாமல், வெளியே போய்த் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதையையும் நாம் ஓதியிருக்கிறோம். போத்தலில் அடைபட்ட நத்தையின் நிலை என்ன? முதல் நாள் ஆசை, மூன்றாம் நாள் மறதி, ஐந்தாம் நாள் நாற்றம். இது வேண்டாம்.

சரி, பாவம் என்று வேலிக்கு அப்பால் விட்டுவிடலாமா? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1966இல் ஒரு சிறுவன் ஹவாய்த் தீவிலிருந்து இதே ஆபிரிக்க நத்தையில் மூன்றை மயாமிக்கு ஒளித்துக் கொண்டுபோனான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். சில ஆண்டுகளில் 18,000க்கும் மேற்பட்ட நத்தைகள் பிடிபட்டன. ஒழித்து முடிக்க ஏறத்தாழ 10 ஆண்டும் 10 இலட்சம் டொலரும் செலவாயின. ஹவாயில் இதே நத்தையை அழிக்க 1955இல் இன்னொரு நத்தையைக் கொண்டு வந்து விட்டார்கள். அது இதை விட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே உரிய அப்பாவி நத்தைகளைத் தின்னத் தொடங்கியது. மனிதனின் கெட்டித்தனம் சில நேரம் இப்படித்தான் முடிகிறது.

இப்போது உப்புக்கு வருவோம். உப்புப் பட்டால் நத்தையின் மெல்லிய தோல் வழியாக உடம்பின் நீர் வெளியே இழுபடுகிறது. தற்காப்புக்காகப் பசையைக் கக்கிக் கக்கிக் காய்ந்து மெல்ல மெல்லச் சாகிறது. அதற்கு வலி தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சூடான தகட்டில் விட்ட நத்தை உடம்பின் முன்பகுதியைத் தூக்கிக்கொண்டது. வலி மறக்கச் செய்யும் மோர்பின் மருந்தைக் கொடுத்தபோது, அப்படித் தூக்குவதற்குக் கூடுதல் நேரம் பிடித்தது. மனிதனைப் போல வலிக்கிறது என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஒன்றும் இல்லை என்று சொல்லவும் வாய் வராது.

பயிரைக் காக்க அதைக் கொல்வது தடையல்ல. ஏழையின் பாத்தியும் ஓர் அமானிதமே. ஆனால் கொல்லும்போதும் அழகிய முறையில் கொல்லுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்று கற்றுத் தந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஓர் எறும்பு கடித்ததற்காகப் புற்றையே எரித்த ஒரு நபி கண்டிக்கப்பட்ட செய்தியும் நமக்கு வந்திருக்கிறது. சாக வேண்டியதுதான் என்றாலும் வதைத்துச் சாகடிக்க நமக்கு அனுமதி இல்லை. பிள்ளை சுற்றி நின்று சிரிக்கிறானே, அவனுக்கு அங்கே என்ன பாடம் நடக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அதோடு, அள்ளிப் போட்ட உப்பு பாத்தி மண்ணையும் கெடுக்கும்.

வேறு வழி இருக்கிறது. மாலையில் ஒரு பழைய சாக்கை நனைத்துப் பாத்தி ஓரத்தில் விரித்து, அடியில் பப்பாசி இலையோ கோவாக் கழிவோ வையுங்கள். விடியும்போது நத்தைகள் அங்கே ஒதுங்கியிருக்கும். கையில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு பொறுக்குங்கள். எலியிலிருந்து தொற்றும் ஒரு வகைப் புழு இந்த நத்தையின் உடம்பில் இருக்கலாம். அது மனிதனின் மூளைச் சவ்வைத் தாக்கக் கூடியது. பச்சை இலைச் சம்பல் போடுமுன் ஒவ்வோர் இலையாகக் கழுவச் சொல்வதும் இதற்காகத்தான். கடையில் விற்கும் நத்தைக் குளிசைகள் கோழிக்கும் பூனைக்கும் தவழும் பிள்ளைக்கும் நஞ்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

பொறுக்கியதைக் கல்லின் மேல் வைத்து ஒரே அடி, பலமாக. அதோடு முடிந்துவிடும். பிறகு ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். மண்ணில் கிடக்கும் வெள்ளை முட்டைக் குவியலைக் கண்டால் பொரிக்குமுன் நசுக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த மழைக்குக் கொல்ல வேண்டிய உயிர்களின் எண்ணிக்கை குறையும்.

போத்தலில் நத்தை வைத்திருக்கும் மகனிடம் அதைப் பறித்து எறிய வேண்டாம். எந்த நத்தை என்று பாருங்கள். நாட்டு நத்தையானால், எடுத்த மரத்தடியிலேயே அவன் கையால் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். ஆபிரிக்க நத்தையானால், அவன் ஓதப் போன பிறகு உங்கள் கையால் அந்த ஒரே அடியை அடித்துவிடுங்கள். மாலையில் வந்து கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், அதட்ட வேண்டாம்.