காசநோயும் கடிவாளத் துணுக்குகளும்

புது தில்லி: உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2025-க்குள் இந்நோயை ஒழிப்பதென 2018-இல் மத்திய அரசு அறிவித்த இலக்கு எட்டப்படவில்லை.

கிருமி நுழைந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அதைத் தடுப்பதில் ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான உதவி டி செல்களுக்கு முக்கியப் பங்குண்டு. இவை தேவைக்கேற்பப் பல பிரிவுகளாக மாறுகின்றன. செல்லுக்குள் ஒளியும் காசநோய்க் கிருமியை எதிர்ப்பது டிஎச்-1 பிரிவு. குடற்புழுக்களை எதிர்ப்பது டிஎச்-2.

எந்தப் பிரிவு ஓங்கும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் அடங்கும். சுமார் 22 மரபெழுத்துகளே கொண்ட இத்துணுக்குகள், புரதம் தயாரிக்கும் ஆணையைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அந்த ஆணையை முடக்குகின்றன. மிர்-155 என்ற துணுக்கு இல்லாத எலிகளில் உதவி செல்கள் டிஎச்-2 பக்கம் சாய்வது 2007-இல் தெரியவந்தது. மிர்-29, டிஎச்-1 செல்களின் ஆயுதமான இன்டர்ஃபெரான் காமாவைக் குறைக்கிறது. அதன் செயல் மட்டுப்படுத்தப்பட்ட எலிகள் காசநோய்க் கிருமியைக் கூடுதல் வலுவுடன் எதிர்த்ததாக 2011-இல் வெளியான ஆய்வு கூறியது.

எனினும் கடிவாளத்தை அறுத்தெறிய இயலாது. எல்லை மீறிய எதிர்ப்பு சொந்த உடலையே தாக்கும். எலியில் கண்டது மனிதருக்கு மருந்தாக நெடிய ஆய்வு தேவை.

மைக்ரோ ஆர்.என்.ஏ. 1993-இல் கண்டறியப்பட்டது ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில். அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது 2024-இல். இந்தியாவோ 2020-21-இல் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதமே. 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அமைத்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் ரூ.50,000 கோடி எனத் திட்டமிடப்பட்டது. அதில் ரூ.36,000 கோடி அரசு சாரா வழிகளில் திரட்டப்பட வேண்டும். லாபம் தேடும் முதலீடு புழுவை ஆராயப் பணம் தருமா?