மலை வளருமா, தேயுமா?



எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கரடு இருக்கிறது. அங்கே உள்ள கல் குவாரியில்தான் என் அப்பா வேலை செய்கிறார். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா, உடைச்சுக்கிட்டே இருந்தா கரடு தீர்ந்து போயிடாதா? மறுபடி வளருமா?" என்று கேட்டேன். "மலை எங்காச்சும் வளருமா கண்ணு?" என்று சிரித்தார்.

மறுநாள் சமூக அறிவியல் சாரிடம் கேட்டேன். "வளரும், தேயும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும்" என்றார். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பூமியின் மேல் ஓடு பெரிய தட்டுகளாக இருக்கிறது. அவை மெதுவாக நகர்கின்றன. நம் இந்தியத் தட்டு வடக்கே போய், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. கோரைப்பாயைச் சுவரோரம் தள்ளினால் மடிப்பு மடிப்பாக எழும்பும் அல்லவா? அப்படி எழும்பியதுதான் இமயமலை. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலுக்கு அடியில் உண்டான சுண்ணாம்புப் பாறை! இன்றும் அந்தத் தட்டு தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் இமயமலை வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 5 மில்லிமீட்டர் என்றால் 1 கோடி வருடத்தில் 50 கிலோமீட்டர். ஆனால் எவரெஸ்ட் 9 கிலோமீட்டர்கூட இல்லை. மீதி எங்கே போனது?

தேய்ந்து போனது. வெயிலும் குளிரும் பாறையில் விரிசல் போடும். வேர் அதைப் பிளக்கும். மழையும் பனியாறும் அரிக்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் வருடத்துக்குச் சுமார் 100 கோடி டன் மண்ணைக் கொண்டு போகின்றன. வங்கக் கடலின் அடியில் இலங்கைக்கும் தெற்கே வரை இமயமலை மண் கிடக்கிறது.

இன்னொரு அதிசயம். பரிசலில் இருந்து ஆள் இறங்கினால் பரிசல் கொஞ்சம் மேலே எழும்பும். மலையும் அப்படித்தான். மேலே பாரம் குறையக் குறைய, அடிப்பாகம் மெல்ல எழும்பும். அதனால்தான் மலை முழுசாகத் தேயக் கோடிக்கணக்கான வருடம் ஆகிறது.

இப்போது எங்கள் கரடுக்கு வருகிறேன். கொல்லிமலையில் இருப்பது சார்னோகைட் என்னும் பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. எங்கள் கரட்டுக் கல்லும் அந்த வகைதான் என்றார் சார். அது உண்டானது பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே. அது இன்று வெளியே தெரிகிறது என்றால், மேலே இருந்த அவ்வளவு பாறையும் தேய்ந்து போய், இது எழும்பி வந்திருக்கிறது!

அப்பாவிடம் சொன்னேன். கையில் ஒரு ஜல்லியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "நான் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷந்தான் ஆச்சு. பாதிக் கரடு போயிருச்சே" என்றார்.

இமயமலையைத் தள்ள இன்னும் ஒரு தட்டு இருக்கிறது. எங்கள் கரட்டைத் தள்ள எதுவும் இல்லை. போனால் போனதுதான். உடைக்காதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் நோட்டும் பேனாவும் அந்தக் கூலியில் வாங்கியவை. நம் பள்ளி அஸ்திவாரமும் கருங்கல்தான். ஆனால் தேவைக்கு மட்டும் எடுத்து, மீதிக் கரட்டை விட்டு வைக்கலாம் அல்லவா? பெரியவர்கள் யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு கல்லை மிதிக்கும்போது அதன் வயதை நினைத்துப் பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி